ஒரு கரண்டி உறைமோரும் என் டோக்கன் குழாயும்

இலவசமாகக் கொடுப்பதுதான் உலகத்திலேயே லேசான வேலை என்று நம்பித்தான் நானும் டோக்கன் குழாய் கட்டும் தொழிலுக்கு வந்தேன். ஊருக்கு உதவப் போய் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் என் பக்கம்தான் பேசுவார்கள்.

உறைமோர் பாடம்

நான் மூணாறு எஸ்டேட்காரி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு மீனாட்சிபுரம் பக்கம் ஒரு பால் சங்கத்தில் சேர்ந்தேன். யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்பதைப் பிறகு யாரும் திருத்த முடியாதபடி பிளாக்செயினில் பதிய வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு டோக்கன் செலவாகும். பால் ஊற்ற ஊற்ற டோக்கன் தானாகச் சேரும். ஆனால் புதிதாக வருகிறவரிடம் முதல் டோக்கன் ஏது? அதற்குத்தான் குழாய். போனில் பட்டனை அமுக்கினால் ஐந்து டோக்கன் சும்மா விழும். மாதக் கடைசிக்குள் நாற்பது பேர் சேராவிட்டால் திட்டமும் இல்லை, என் வேலையும் இல்லை என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டார்.

முதல் கூட்டத்தில் நான் பேசியது யாருக்கும் ஏறவில்லை. கடைசியில், பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி மோர் வாங்கித்தானே பாலுக்கு உறை ஊற்றுகிறோம், அதுதான் இது என்றேன். நான்கு எருமை வைத்திருக்கும் பாலாமணியக்காவின் முகம் தெளிந்தது.

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்னங் கண்ணு."

ஆறரை மணி நோய்

குழாய் பகலெல்லாம் ஓடும். மாலை ஆறரைக்கு மேல் ஒருவரும் அமுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை முழுநாளும் பூஜ்யம். சர்வரைச் சந்தேகப்பட்டேன், நெட்வொர்க்கைத் திட்டினேன், நிரலை இரண்டு முறை அழித்து எழுதினேன். இரண்டு வாரம் பாழ். தோற்றுப்போய்ப் பாலாமணியக்காவிடம் புலம்பினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வெளக்கு வெச்சதுக்கப்புறம் ஆருங்க உறை கேப்பாங்க? வெள்ளிக்கெழம கேப்பாங்களா? நீங்கதானுங்களே உறைன்னு சொன்னது."

ரங்கசாமியண்ணன் வீட்டு ஆட்கள்

ஒரு போன் நம்பருக்கு ஒரு தடவைதான் குழாய் திறக்கும். பெரிய பூட்டுப் போட்டுவிட்டதாக எனக்கு நினைப்பு. ஒரே நாளில் லட்சுமி, செவலை, மயிலை என்று பதினோரு பேர் சேர்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைவரிடம் பெருமையடித்துக்கொள்ளவும் செய்தேன். விசாரித்தால் பதினொன்றும் எங்கள் சங்கத்தில் பால் ஊற்றும் ரங்கசாமியண்ணன் தொழுவத்து மாடுகள். பொள்ளாச்சிச் சொந்தக்காரர்களின் நம்பரையெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மாடுகளைப் பட்டியலிலிருந்து அடித்தேன், ஆனால் அவை குடித்த டோக்கன் குடித்ததுதான். அண்ணன் அசரவில்லை.

"பால் குடுக்கறது அதுகதானுங்க, நானில்லீங்களே."

நாற்பதாவது ஆள்

மாதக் கடைசி நாள் வரை முப்பத்தொன்பது பேர். நாற்பதாவதாகத் தானே சேர்வதாக மாலை ஆறேகாலுக்குத் தலைவர் வந்து உட்கார்ந்தார். குழாயில் மிச்சம் இரண்டே டோக்கன் என்று காலையில் பார்த்திருந்தேன். கூடுதலாகக் கேட்டு டோக்கன் வழங்கும் கம்பெனிக்கு எழுதியதற்குப் பதிலே இல்லை. விளக்கு வைக்கக் கால்மணி நேரம்தான் இருந்தது. அவர் விரல் பட்டனை நோக்கிப் போனபோது எனக்கு மூணாறு பஸ்கூட மனதில் வந்து போனது.

ஐந்து டோக்கன் விழுந்தது. நம்பாமல் கணக்கைத் திறந்து பார்த்தேன். மத்தியானத்திலிருந்து, பால் ஊற்றிச் சேர்த்ததில் வீட்டுக்கு ஒன்றாக முப்பது டோக்கன் குழாய்க்கே திரும்பி வந்திருந்தது. முதல் பெயர் பாலாமணியக்கா. வெளியே ஓடினேன். பால் ஊற்றும் வரிசையில் கேனோடு நின்றிருந்தார். யார் கேட்டு அனுப்பினீர்கள் அக்கா என்றபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்கோ என் கேள்விதான் விளங்கவில்லை.

"உறை வாங்குன ஏனத்த வெறும் ஏனமாவா கண்ணு திருப்பிக் குடுப்பாங்க?"

வேலை தங்கியது, இப்போது விளக்கு வைத்ததும் குழாய் தானே மூடிக்கொள்கிறது, வெள்ளிக்கிழமை லீவும் எடுக்கிறது, அந்த நிரலை மட்டும் நான் ஒரே தடவையில் பிழையில்லாமல் எழுதினேன்.