சும்மா இருக்க வேண்டியவர்

அவள் படித்தது உடலியக்கவியல். பெயரைக் கேட்ட சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், "அப்ப ஊசி போடுவியா?" என்றார்கள். மாட்டேன் என்றதும் அவள்மேல் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்தது. அம்மா மட்டும், "டாக்டருக்குப் பக்கத்துப் படிப்பு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். ஆள் ஒல்லி என்பதால் வீட்டில் அவளுக்குப் பெயர் குச்சி. உடம்பைப் பற்றிப் படிக்கிறவளுக்கு உடம்பே இல்லை என்று மாமா ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லி, அவரே சிரித்துக்கொள்வார்.

கடைசி வருடம் குச்சிக்கு இரண்டு இடத்தில் பயிற்சி. காலையில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். வயதானவர்கள் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ண வேண்டும். மாலையில் ஒரு ஜிம். அங்கே இளவட்டங்கள் மெஷின்களில் விட்டுப்போகும் வியர்வையைத் துடைக்க வேண்டும். மனித இயக்கம் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான் என்று அவளுக்கு விளங்க ஆரம்பித்திருந்தது.

ஆய்வில் இரண்டு குழு. யார் எதில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். ஒரு குழு கால் வலுப்பெறப் பயிற்சி செய்யும். இன்னொரு குழு சும்மா இருக்கும். சும்மா இருந்த கால் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான், பயிற்சி செய்த கால் தேறியதா என்று சொல்ல முடியும். சிக்கல் என்னவென்றால், சும்மா இருப்பது யாருக்கும் முடியாத காரியம். ஒருவர் மகள் வீட்டுக்குப் போனார், இன்னொருவர் கோபித்துக்கொண்டு போனார். "இன்னும் ஒருத்தர் போனாலும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றார் ஆய்வை நடத்திய பேராசிரியை. ஆய்வுக் கட்டுரையில் தன் பெயரும் வரும், அதைக் காட்டி மேல்படிப்புக்கு இடம் வாங்கிவிடலாம் என்று குச்சி மனக்கோட்டை கட்டியிருந்தாள்.

இருந்தவர்களில் தங்கமானவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். சீட்டு விழுந்த அன்று அவர் முகம் தொங்கிப்போனது. "சும்மா இருக்கறதுன்னா எப்படிம்மா?" என்று கேட்டார். இப்போது இருப்பது போலவே இருங்கள், புதிதாக ஒரு பயிற்சியும் வேண்டாம் என்றாள் குச்சி. ஒரு நாள் தவறாமல் நேரத்துக்கு வந்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் முன்னைவிட வேகமாக எழுந்தார். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நாற்காலியின் உயரத்தை அளந்து பார்த்தார். நாற்காலிமேல் குற்றம் இல்லை.

அந்த வாரமே ஒரு மாலை, ஜிம்மில் காலால் எடை தள்ளும் மெஷினில் தலையில் துண்டு போர்த்திய ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அங்கிள்!"

"நான் அவர் இல்ல" என்றது துண்டு.

மாட்டிக்கொண்டபின் மனிதர் மறைக்கவில்லை. "வீட்டுக்காரிக்குக் கால்ல பலமே இல்லம்மா. கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு நான்தான் தூக்கி உக்கார வைக்கிறேன். போன மாசம் ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்துட்டோம். இனிமே உங்களால முடியாது, அம்மாவை முதியோர் இல்லத்துல விட்டுடலாம்ங்கறான் பையன். ஞாயித்துக்கிழமை வந்து நான் தூக்கறதை நேர்ல பாக்கப் போறான்."

"அப்ப ஆய்வுலேர்ந்து விலகியிருக்கலாமே?"

"வர்றேன்னு சொல்லிட்டேனேம்மா. பாதி வழியில எறங்கறது பயணிங்க பழக்கம்."

குச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை மாத உழைப்பு! அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ வேணாம்னு சொன்னா ஜிம்மை விட்டுடறேன்" என்றார் அவர். நிஜமாகவே விட்டுவிடுவார் போலிருந்தது. விட்டால் அந்த அம்மாள் இல்லத்துக்குத்தான் போக வேண்டும். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், ஒரு ஈ காக்காய்க்கும் தெரிந்திருக்காது. சும்மா இருந்தாலே கால் தேறும் என்று உலகம் நம்பிவிட்டுப் போகட்டும் என்று விட அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை பேராசிரியையிடம் சொன்னாள். அவர் டிரைவரின் அளவுகள் இருந்த தாளை உருவி எடுத்தார்.

"அவரை எடுத்துடலாம். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், உன் பேரு இந்த வருஷம் வராது, தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து, அடுத்தவருக்கு ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினாள்.

அன்று மாலை, "மனைவியை எப்படித் தூக்குறீங்க, காட்டுங்க" என்று ஜிம் பெஞ்சில் உட்கார்ந்தாள். டிரைவர் இடுப்பை வளைத்து அவளை மூட்டை மாதிரி அள்ளினார். அவள் விலா எலும்பு நொந்தது. கோளாறு காலில் இல்லை, தூக்குகிற விதத்தில். முட்டியை மடக்குங்கள், ஒட்டி நில்லுங்கள், மனைவியை முன்னால் சாயவிட்டு அதோடு சேர்ந்து எழுங்கள் என்று சொல்லிக் கொடுத்தாள். அந்த வாரம் முழுக்க அவளே பாரமாக உட்கார்ந்தாள். "தூக்கறதுக்கு எடைத் தட்டு இருக்கு. ஸ்டாஃபைத் தூக்காதீங்க" என்று ஜிம் முதலாளி சத்தம் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர் அவளையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தலை சீவி, பவுடர் போட்டு, பரீட்சைக்குத் தயாரான மாதிரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாள். டிரைவர் முட்டியை மடக்கி, "ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"நான் எண்ணறேன்" என்றார் அந்த அம்மாள். "எழுந்துக்கப் போறது நான்."

எண்ணினார். கணவரின் தோளில் சாய்ந்தார். இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது, ஆனால் டிரைவர் அதன் பக்கம் திரும்பவில்லை. அவர் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் அப்படியே நின்றார்.

"போதும்ப்பா, உக்கார வைங்க" என்றான் மகன்.

"இருடா. நான் நின்னு எவ்வளவு நாளாச்சு. அந்த இல்லத்துல என்னை யாருடா இப்படிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க?"

மகன் கட்டியிருந்த கையைப் பிரித்தான். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.