கயிறு தொங்காத ஐந்தாம் மாடி

ரங்கூன் நகரத்துப் பசுந்தாங்கில் அந்தத் தெருவில் கயிறு தொங்காத ஒரே பால்கனி உதயசூரியனுடையதுதான். மற்ற வீடுகளிலெல்லாம் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு இறங்கும். மேல் முனையில் சின்ன மணி, கீழ் முனையில் ஒரு கவ்வி. கீழே நின்று சுண்டினால் மேலே மணி அடிக்கும். கீரையோ ரொட்டியோ மாட்டிவிட்டால் வீட்டுக்காரர் இழுத்துக்கொள்வார். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் முழங்காலுக்கு அது பெரிய உபகாரம்.

"நம்ம வீட்டுக்கும் ஒண்ணு கட்டிடலாமா?" என்று கல்யாணமான புதிதில் கேட்டான்.

"விட்டுப் போகப்போற வீட்டுக்கு எதுக்குங்க கயிறு?" என்றாள் அவன் மனைவி தமிழரசி.

அவள் தென்கிழக்கே முடோன் என்னும் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். கொண்டுவந்த தகரப் பெட்டியை அவள் அப்பா பச்சை நைலான் கயிற்றால் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். இடுப்பில் கட்ட ஒரு லோங்ஜி வேண்டுமென்றாலும் அவிழ்ப்பாள். எடுத்ததும் மறுபடி கட்டிவைப்பாள். மூன்று மாதமாக இப்படித்தான். முடோனில் மருமகன் ஓட்டுவதற்கென்று மாமனார் ஒரு லைன் காரை, ஊருக்குள் ஆள் ஏற்றும் சின்ன வண்டியை, பார்த்துக்கூட வைத்துவிட்டார்.

ஒரு ராத்திரி உதயசூரியன் சொன்னான்: "ஒரே ஒரு நாள் குடு. இந்த ஊரை உனக்கு முழுசாக் காட்டுறேன். அன்னைக்குச் சாயங்காலமும் பிடிக்கலேன்னா, டெப்போவுல வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு உன்கூடவே வந்துடறேன்."

சொன்னால் சொன்னதுதான் என்பது அவனைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். பதினோரு வருஷமாக ரங்கூன் நகரத்தில் பஸ் ஓட்டுகிறான். ஒரு கண்ணாடி உடைந்ததில்லை, ஒரு ஆளை இடித்ததில்லை. ஐந்து பத்துக்கு வண்டி எடுப்பான் என்றால், அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம். முனிசிபாலிட்டியில் வேலை பார்த்த அப்பா போன பிறகு, கார் கழுவும் இடத்தில் ஆரம்பித்துத் தானாகவே ஓட்டக் கற்றுக்கொண்டவன். அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் அவன் அக்கா நீலாம்பாள், இதையெல்லாம் தேதியோடு சொல்வாள்.

வாக்குக் கொடுத்த விஷயம் காதுக்கு எட்டியதும் அவள் ஐந்தாம் மாடிக்கு ஏறி வந்தாள்.

"ஏண்டா, யாரைக் கேட்டு வாக்குக் குடுத்தே?"

"உன்னைக் கேட்டா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன். சரி, அந்த நீலச் சட்டையைக் குடு, இஸ்திரி போடணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அக்கா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சோற்றோடு இருவரும் கிளம்பினார்கள். உதயசூரியன் சட்டைப்பையில் ஒரு அட்டை. அதில் ஒன்பது இடங்கள்; ஒவ்வொன்றுக்கும் நேராகச் சேரும் நேரம், புறப்படும் நேரம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து, எந்தச் சந்திப்பில் எத்தனை நிமிஷம் நிற்கவேண்டும் என்பது வரைக்கும் கணக்கிட்டு எழுதியிருந்தான்.

பொட்டடவுங் படித்துறையில் ஆற்றையும் படகுகளையும் பார்க்க ஏழு நிமிஷம். சூலே பகோடாவைச் சாலையின் இந்தப் பக்கமிருந்தே காட்டினான். ஷ்வேடகோன் பகோடாவில் தமிழரசி புதன்கிழமை மூலையைத் தேடிப் போனாள். பிறந்த கிழமைக்குரிய சிலைக்கு, வயதுக்கு ஒரு கிண்ணமும் அதற்கு மேல் ஒன்றுமாகத் தண்ணீர் ஊற்றுவது இந்த ஊர் வழக்கம். அவளுக்கு வயது இருபத்தாறு. நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது கிண்ணத்தில் அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"போதும், வா வா. நாலு நிமிஷம் லேட்டு."

"அஞ்சு வயசுக்குத்தானே ஊத்தியிருக்கேன்?"

"சாமிக்குத் தெரியும், வா."

அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

நாலாவது இடம் கண்டோஜி ஏரி. தண்ணீருக்கு மேலே மரப்பலகை நடைபாதை. அக்கரையில் பொன்னிறப் படகு போன்ற மண்டபம், அதன் நிழல் தண்ணீரில் தலைகீழாக ஆடியது. தமிழரசி ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எட்டு நிமிஷம் ஆச்சு. எழுந்திரு, அடுத்தது இன்யா ஏரி."

"இதுவும் ஏரிதானே?"

"அது இதைவிடப் பெரிசு."

"நீங்க வேணும்னா போய்ட்டு வாங்க. உங்க பஸ்ஸுல நான் ஏறலை."

"என்ன பஸ்ஸு? நாம நடந்துதானே வந்தோம்?"

"காலையிலேருந்து பஸ்ஸுலதான் இருக்கேன்" என்றாள் அவள். கோபமில்லை, அலுப்புதான் இருந்தது. "ஏத்துறீங்க, இறக்குறீங்க. விடியறதுக்கு முன்னாடி வேலைக்குப் போறீங்க, இருட்டினப்புறம் வர்றீங்க. நடுவுல நான் அஞ்சாம் மாடியில. கீழ இறங்கினா எந்தப் பக்கம் போனா எது வரும்னு எனக்குத் தெரியாது. முடோன்ல கண்ணைக் கட்டிவிட்டாலும் வீட்டுக்கு வந்துடுவேங்க. இங்க நான் ஒரு மூட்டை. நீங்க தூக்கிட்டுப் போனாத்தான் போவேன்."

 முடிந்தது, இனி முடோன் லைன் கார்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான். அட்டையை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அதைப் படிக்கவில்லை. அந்த அட்டையால் விசிறிக்கொண்டாள், சற்று நேரம் கழித்து அவனுக்கும் விசிறினாள். எலுமிச்சைச் சோற்றைத் தின்றார்கள். மிச்சத்தை மீன்களுக்குப் போட்டார்கள். வெயில் சாயும்வரை அங்கேயே இருந்தார்கள்.

கடைசியில் அவன் சொன்னான்: "வீட்டுக்கு நீ கூட்டிட்டுப் போ. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"நிஜமா?"

"சொன்னா சொன்னதுதான்."

அவள் பூ விற்கும் அம்மாளிடம் பர்மியில் வழி கேட்டாள். அவளுடைய முடோன் பேச்சைக் கேட்டு அந்த அம்மாள் சிரித்து, கையைப் பிடித்து நிறுத்தம் வரைக்கும் காட்டினாள். சரியான பஸ்தான். உதயசூரியன் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தான். மூன்று நிறுத்தம், இரண்டு, ஒன்று. அவர்கள் இறங்கவேண்டிய இடம் வந்தபோது அவன் வலது கால் தானாகவே தரையை அழுத்தியது, அங்கே பிரேக் இருப்பதுபோல. தமிழரசி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பிவிட்டது. அவன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

அவர்கள் நிறுத்தத்தைத் தாண்டி வரும் கால்வாய்ப் பாலம் தெரிந்த பிறகுதான் அவள் திடுக்கிட்டு எழுந்தாள். இறங்கியதும் திரும்பிப் பார்த்தாள். அவன் ஆகாயத்தைப் பார்த்தான்.

"சொல்ல மாட்டீங்க?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

அவள் இரண்டு சந்து தவறி நடந்து, மூன்றாவதில் கீரைத் தட்டுக்காரி ஒருத்தியிடம் போய் நின்றாள். பர்மியில் கேட்க ஆரம்பித்தவளுக்கு அந்தப் பெண் தமிழிலேயே பதில் சொன்னாள்.

"எந்த வீடும்மா? அஞ்சாம் மாடியா? ஓ, கயிறு தொங்காத வீடா! தினம் உங்க தெருவுலதான் கூவிக்கிட்டுப் போறேன். எல்லா வீட்டுலேருந்தும் கயிறு வருது, உங்க வீட்டுலேருந்து மட்டும் ஒண்ணும் வரலை. ஆளே இல்லைன்னு நெனச்சேன். என் பேரு ஜைனப். நேராப் போயி, டீக்கடைக்கு எதுத்தாப்புல திரும்பு."

"ஆளு இருக்கேன்" என்றாள் தமிழரசி.

டீக்கடைக்கு எதிரே அவளாகவே திரும்பினாள். தெருமுனையிலிருந்தே பார்த்தாள், நீலாம்பாள் அக்கா காய்ந்த துணியை அள்ளுகிற சாக்கில் தன் பால்கனியில் நின்றிருந்தாள். ஊர் பிடித்ததா என்று அன்று ராத்திரி உதயசூரியன் கேட்கவில்லை. அக்காவின் வீட்டு விளக்கு மட்டும் வழக்கத்தைவிட நேரம் கழித்து அணைந்தது.

மறுநாள் வேலை முடிந்து தெருவுக்குள் நுழைந்தவன் தெருவிளக்கு வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்து நின்றுவிட்டான். ஐந்தாம் மாடியிலிருந்து ஒரு கயிறு இறங்கியிருந்தது. பச்சை நைலான். பெட்டிக் கயிறு. இரண்டாம் மாடி வரைக்கும்தான் அது எட்டியிருந்தது. அங்கே ஒரு பெரிய முடிச்சுப் போட்டு, அதற்குக் கீழே மஞ்சள் கயிறு. அக்கா துணி காயப்போடும் கொடி அது.

அவன் சுண்டினான். மேலே மணி அடித்தது. தமிழரசி எட்டிப் பார்த்தாள்.

"யாரு?"

"ஆளு வந்திருக்கு. இழு!"

"அவ்வளவு கனம் தாங்காது, நடந்தே ஏறி வாங்க. ஞாயித்துக்கிழமை லீவு போட்டு வைங்க. சாமிக்கு ஊத்த இருபத்திரண்டு கிண்ணம் மிச்சம் இருக்கு. நான்தான் கூட்டிட்டுப் போவேன்."

இரண்டாம் மாடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "மெதுவா இழுடா, அது என் கயிறு!"