வாசலில் வைத்துக் கொடுத்த கோதுமை

எங்கள் சாப்பாட்டுக் கடையின் குசினியில் கோப்பை கழுவுகிற அக்கா அல்பேனியாக்காரி. எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எங்கள் ஆட்களோடு வருஷக்கணக்காக வேலை செய்து, பிரெஞ்சை விட யாழ்ப்பாணத் தமிழை வடிவாகப் பேசுவா. நான் கொலேஜைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே கொத்துரொட்டி கொத்துகிறவன். கம்யூனிஸ்ட் நாட்டில் பிறந்தவ என்று தெரிந்ததிலிருந்து அவவைத் 'தோழர்' என்றுதான் கூப்பிடுவேன். அது அவவுக்குத் துண்டாகப் பிடிக்காது. எனக்கு வேறு என்ன காரணம் வேண்டும்?

ஒரு நாள் காலை, அவ ஒரு பெரிய சட்டியைக் கொண்டுவந்து குசினி மூலையில் வைத்துத் திறந்தா. அவித்த கோதுமை. மேலே சீனி, இடித்த வால்நட், கறுவாத்தூள். இனிப்பைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

"என்ன தோழர், பிறந்தநாளோ?" என்று கேட்டு, கொத்துத் தகட்டால் தாளம் போட்டுப் பிறந்தநாள் பாட்டைத் தொடங்கினேன்.

"பாடாதை தம்பி. இது செத்தவீட்டுச் சாப்பாடு."

ஊரில் அவவின் தாய் செத்து அன்று நாற்பதாம் நாள். நாங்கள் முப்பத்தோராம் நாள் செய்வதுபோல அவர்கள் நாற்பதுக்குச் செய்வார்களாம். கோதுமை அவித்து, காண்கிற எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்.

"அப்ப ஏனக்கா மூலைக்குள்ளை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

அப்போதுதான் சொன்னா. அவ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தகப்பன் செத்தார். அந்த நாட்டில் அப்போது கடவுளையே சட்டம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஊர்த் தேவாலயத்துக்குள் கூடைப்பந்து விளையாடினார்களாம். தாடி வைத்தால் குற்றம், வெளிநாட்டு வானொலி கேட்டால் பிடித்து மறியலில் அடைப்பார்கள். தாய் ஜன்னல்களைச் சாத்தி, இந்தக் கோதுமையை அவித்திருக்கிறா. வால்நட் உடைக்கிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று வானொலியில் தலைவரின் பேச்சைக் கூட்டி வைத்தாவாம்.

"அந்தாள் துவங்கினா நிப்பாட்டாது. ஒரு சாக்கு வால்நட் உடைக்கலாம்."

தலைவர்களின் பேச்சால் யாருக்காவது பிரயோசனம் வந்ததாக நான் கேள்விப்பட்டது அன்றுதான்.

ஆனால் வாசனையை எந்தப் பேச்சாலும் மூட முடியவில்லை. யார் என்ன செய்கிறார்கள் என்று மேலே அறிவிக்கிற குடியிருப்புக் கமிட்டிக்காரி கதவைத் தட்டியிருக்கிறா. தாய் உடனே, மகளுக்குப் பிறந்தநாள் என்றா. வந்தவ பிள்ளையைப் பார்த்து, அப்போ பாடு என்றா. அக்கா பாடியிருக்கிறா. தகப்பனுக்கு அவித்த கோதுமைக்கு முன்னால் நின்று, கை தட்டி, தனக்குப் பிறந்தநாள் பாட்டு.

"பிறகு?"

"ஒரு கரண்டி திண்டிட்டுப் போனா. ஒண்டும் நடக்கேல்லை. எப்ப நடக்கும், எப்ப நடக்கும் எண்டு அம்மா வருஷக்கணக்காக் காத்திருந்தா."

கொத்துத் தகட்டைக் கீழே வைத்தேன்.

சாகிறதுக்கு முதல் தாய் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாவாம். 'எனக்குச் செய்யிறதை றோட்டிலை வைச்சுக் குடு. என்ரை பேரைச் சத்தமாச் சொல்லு.' அக்கா விடிய எழும்பி அவித்துவிட்டா. கடை வரைக்கும் சுமந்தும் வந்துவிட்டா. குசினிக் கதவைத் தாண்டத்தான் கால் வரவில்லை.

"வெளியாலை பொலிஸ் நிக்குது," என்றா.

"லா சப்பல் எண்டா பொலிஸ் நிக்கும்தானே. அவனுக்கும் ஒரு கரண்டி போடுங்கோ."

முதலாளி அண்ணை எட்டிப் பார்த்தார். "வாசலிலை வை பிள்ளை. ஆரும் கேட்டா நான் கதைக்கிறன்."

"நீங்கள் கதைக்க ஏலாது அண்ணை. அம்மா என்னட்டைத்தான் கேட்டவ."

சொல்லிவிட்டு ஏப்ரனைக் கழற்றி எறிந்தா. சட்டியின் ஒரு காதை அவ பிடிக்க, மற்றதை நான் பிடித்தேன்.

வாசலில் முதல் ஆளுக்குக் கொடுத்தபோது பேரைச் சொன்னா. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. "மேலை பாலத்திலை மெட்ரோ போகுதக்கா, இன்னும் கொஞ்சம் கூட்டுங்கோ," என்றேன். முறைத்தா. அந்த நேரம் பார்த்து இரண்டு பொலிஸ்காரர் றோட்டைக் கடந்து வந்தார்கள். சட்டியைப் பார்த்து ஒருவர், இங்கே விற்பதற்கு அனுமதி இருக்கிறதா என்று பிரெஞ்சில் கேட்டார்.

அவ கரண்டியைச் சட்டிக்குள் போட்டா. அண்ணை முன்னுக்கு வந்தார். கையை நீட்டி அவரை மறித்துவிட்டு அக்கா நிமிர்ந்தா.

விற்கவில்லை, என் அம்மா செத்துப்போனா என்று பிரெஞ்சில் சொல்லி, தாயின் முழுப் பேரையும் சொன்னா. எதிர்ப்பக்கம் மீன்கடையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. பொலிஸ்காரர் அனுதாபம் சொல்லிவிட்டு நடந்தார்கள். அவ்வளவுதான். இத்தனை வருஷமும் அவ பயந்தது அந்த அரை நிமிஷத்துக்கு.

பிறகு அவவைப் பிடிக்க முடியவில்லை. மரக்கறி வண்டிலோடு வந்த ஒரு மனுஷி, "ஆர் பிள்ளை செத்தது?" என்று கேட்க, அந்தப் பேரை இன்னும் சத்தமாகச் சொன்னா. பேரைக் கேட்காமல் கையை நீட்டினவனுக்கு ஒரு கோதுமை மணி கூடக் கொடுக்கவில்லை. அந்தத் தெருவில் அவ்வளவு நிமிர்ந்து நின்ற ஆளை நான் பார்த்ததில்லை.

கடைசியில் நானும் கோப்பையை நீட்டினேன்.

"ஆரின்ரை சாப்பாடெண்டு சொல்லு. பிறகு தின்னு."

சொன்னேன். தெருவுக்கே கேட்க அந்தத் தாயின் பேரைச் சொன்னேன்.