மழைக்கு நாற்பது வினாடி

வியாழக்கிழமை காலை எட்டு பத்துக்கு ஃபோனில் செய்தி வந்தது. இப்திஹால் அப்போது வரைபடத்தில் ஜோர்டானுக்கு வண்ணம் போட்டு முடித்திருந்தாள். பேசியது ஆபீசில் வேலை பார்க்கும் அபூ ராமிஹின் மூத்த மகன் ராமிஹ். விடிகாலைத் தொழுகைக்கு எழுப்பப் போனோம், அப்பா எழுந்திருக்கவில்லை, மதியத் தொழுகை முடிந்ததும் அடக்கம், ஆபீசில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள் என்றான். வைக்கப் போனவன், "அக்கா, இன்னைக்கு வியாழக்கிழமையாச்சே, அப்பா ஃபோன் பண்ற நாளாச்சே?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டான்.

அம்மான் நகரத்தில் எட்டு அரபு நாடுகள் சேர்ந்து நடத்தும் வறட்சி எச்சரிக்கை மையம் அது. வாசல் பலகை 'ஒருங்கிணைந்த நீடித்த வளர்ச்சிக்கான பிராந்திய ஒத்துழைப்பு' என்று ஆரம்பித்து இரண்டு வரிக்கு ஓடும். எழுதியவனுக்கு இடம் போதாமல் கடைசிச் சொல் நசுங்கிப் போயிருக்கும். இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால் அபூ ராமிஹ், "ஒண்ணுமில்ல, ஃபோன் பண்றது" என்பார்.

அதில் பொய்யும் இல்லை. மழைக்காலத்தில் வாராவாரம் வியாழனன்று மையம் ஒரு வரைபடம் வெளியிடும். எந்தப் பக்கம் எவ்வளவு பெய்தது, எங்கே புல் முளைக்கும், எங்கே முளைக்காது என்று அதில் இருக்கும். மாலை வானொலியில் அதைப் படிப்பார்கள். எல்லையின் இரண்டு பக்கத்திலும் மந்தை வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டுத்தான் மறுநாள் எந்தத் திசையில் நடப்பது என்று முடிவு செய்வார்கள். தப்பான திசையில் நான்கு நாள் நடந்தால் சினை ஆடுகள் தாங்காது. ஆனால் மழைக் கணக்கை ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் சும்மா தந்துவிடுமா? ஒப்பந்தம் உண்டு. எட்டுக் கையெழுத்தும் உண்டு. அதன்படி கடிதம் எழுதினால் பதில் வர நான்கு மாதம் ஆகும். அதற்குள் கோடையே வந்துவிடும்.

ஆகவே அபூ ராமிஹ் ஃபோன் செய்வார். மஃப்ரக் பக்கத்து மந்தைக்காரக் குடும்பத்தில் பிறந்து, தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்து, பதவி உயர்வு என்ற பெயரில் மூன்று முறை நாற்காலி மட்டும் மாற்றப்பட்டவர். மற்ற ஏழு தலைநகரங்களிலும் தன்னைப் போலவே மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளை அவருக்குத் தெரியும். அந்த ஆளுடைய முட்டிவலியைத் தெரியும், மகளின் பரீட்சையைத் தெரியும், கூரை ஒழுகுவதைத் தெரியும். ஒரு முறை இயக்குநர் டாக்டர் லுஅய் கைக்கடிகாரத்தோடு பக்கத்தில் நின்று அளந்தார். துனீசியாவோடு பேசியது பதினான்கு நிமிடம். அதில் மழை நாற்பது வினாடி.

"மீதி பதிமூணு நிமிஷம் என்ன வேலை நடந்துது அபூ ராமிஹ்?"

"அதுதான் டாக்டர் வேலை. மழை வந்து சும்மா போற போக்குல கேக்கறது."

பாக்தாதை அவர் பிடித்த கதையை மையத்தில் அறியாதவர் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு தூதுக்குழு அங்கே மழைப்பதிவு அலுவலகத்துக்குப் போனது. கோப்புத் தூக்கும் ஆளாக அபூ ராமிஹும் போனார். தலைமை எழுத்தர் ஹிக்மத், மேற்கே அன்பார் பாலைவனப் பக்கத்துக் குலத்துக்காரர். தன் கையாலேயே ஏலக்காய்க் காப்பி ஊற்றிக் கொடுத்தார். எல்லோரும் குடித்தார்கள். அபூ ராமிஹ் மட்டும் கிண்ணத்தைத் தொடாமல் முன்னால் வைத்தார். அந்தப் பக்கத்தில் விருந்தாளி காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால் ஒரே அர்த்தம்தான். அவனுக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது, அது நிறைவேறும்வரை குடிக்கமாட்டான். பெண் கேட்கப் போகும்போதும், கொலைக்குச் சமாதானம் பேசப் போகும்போதும் செய்வது. விருந்தாளியின் காப்பி ஆறிப்போனால் வீட்டுக்காரனுக்கு அவமானம்.

"குடிங்க. கேட்டது கெடைக்கும்" என்றார் ஹிக்மத், முகம் வெளுத்து.

கூட வந்த பெரிய மனிதர்கள் விழித்தார்கள். அபூ ராமிஹ் அவர்களைவிட அதிகமாக விழித்தார். பிறகு, "வாரா வாரம் பன்னெண்டு நெலையத்து மழை. ஃபோன்லயே" என்றார். கிடைத்தது. அந்தக் காப்பியைக் குடிக்கவும் வேண்டியதாயிற்று. இரவெல்லாம் விடுதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். ஏனென்றால் அவருக்கு வேண்டுதல் ஒன்றும் இருக்கவில்லை. வயிற்றுப் புண் இருந்தது, வைத்தியர் காப்பி கூடாது என்றிருந்தார், அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து இதை அவரே ஹிக்மத்திடம் ஃபோனில் ஒப்புக்கொண்டார். ஹிக்மத் சிரித்து அடங்கப் பத்து நிமிடம் ஆனது. "இப்பச் சொல்லி என்ன பண்றது? பழகிப் போச்சு. எழுதிக்கோ" என்று அந்த வார எண்களைச் சொன்னார். அந்தப் பத்து நிமிடத்தையும் டாக்டர் லுஅய் அளந்திருந்தார்.

இப்போது மணி ஒன்பதரை. துனீஸில் இருக்கும் முன்ஜிய்யா தானாகவே கூப்பிட்டு, செய்தி கேட்டு அழுதுகொண்டே எண்களைச் சொல்லிவிட்டாள். மற்ற நாடுகளும் எப்படியோ வந்துவிட்டன. பாக்தாத் மட்டும் வரவில்லை. மூன்று மணிக்குள் வரைபடம் போயாக வேண்டும். ஈராக்கின் மேற்குப் பகுதி முழுவதும் வெள்ளையாகக் கிடந்தது. ஒன்பது வருடத்தில் ஒரு நாடுகூட வெள்ளையாகப் போனதில்லை. இந்த வாரம் ஆடுகள் நகரும் வாரம் வேறு.

டாக்டர் லுஅய் சிவந்த கண்களோடு வந்தார். அவருக்கும் துக்கம்தான். துக்கம் வந்தால் அவர் படிவம் தயாரிப்பார். "ஃபோனெல்லாம் வேண்டாம் இப்திஹால். சாவு விழுந்த அன்னிக்கு எப்படிப் போய்க் கேக்கறது? மரியாதையா பாக்தாதுக்குப் படிவத்த மின்னஞ்சல்ல அனுப்பிடுவோம்." அனுப்பினார். ஒன்பது நிமிடத்தில் பதில் வந்தது. மையத்தின் வரலாற்றில் இவ்வளவு வேகம் கிடையாது. 'தங்கள் கடிதம் கிடைத்தது. உரிய அமைச்சகம் வழியாக அனுப்பவும்.'

பதினொரு மணிக்கு ஆண்கள் எல்லோரும் அடக்கத்துக்குக் கிளம்பினார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. மாலையில்தான் வீட்டுக்குப் போகவேண்டும். வெறிச்சோடிய ஆபீசில் இப்திஹால் அபூ ராமிஹின் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். அவருடைய தொலைபேசிக் குறிப்பேட்டைத் திறந்தாள். ஹிக்மத்தின் பெயருக்குக் கீழே மழையைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. 'வலது முட்டி. மனைவிக்குச் சர்க்கரை. மருமகன் வெறும் வாய்ச்சவடால், அவனைப் பற்றிக் கேட்காதே' என்று இருந்தது.

அவள் எண்ணை அழுத்தினாள்.

"யாரு?"

"அம்மான்லேருந்து இப்திஹால் பேசறேன் அண்ணே."

"அட, கலர் அடிக்கிற பொண்ணா! எங்க அந்தக் கெழவன்? ஒம்பது மணிக்கே ஃபோன் அடிக்கணும், அடிக்கல. யாரோ என்னமோ படிவம் அனுப்பியிருக்கானுங்க, எங்க ஆளுங்க திருப்பி அனுப்பிட்டாங்க. என் மேல கோவமா அவனுக்கு?"

அவள் குறிப்பேட்டைப் பார்த்தாள். "முட்டி எப்படி இருக்கு அண்ணே?"

"மாடி ஏறுது. எறங்கத்தான் மாட்டேங்குது. இன்னிக்கு மேலேயே இருக்கேன்."

"அண்ணிக்குச் சர்க்கர?"

"அவ கொறச்சுட்டா. பேச்சத்தான் கொறைக்கல. மாப்பிள்ளைய மட்டும் கேட்டுடாத." அவர் சிரித்தார். பிறகு அவர் முறை. வரிசையாகக் கேட்டார். அம்மா சுகமா, பிள்ளைகள் சுகமா, உங்க டாக்டர் கடிகாரத்தோட சுகமா. அவள் ஒவ்வொன்றுக்கும் சுகம் என்றாள், கடவுளுக்கு நன்றி என்றாள். வரிசையில் இன்னும் ஒரே பெயர்தான் மிச்சம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நம்ம அபூ ராமிஹ்? சுகமா?"

"அவரோட மிச்ச ஆயுசு உங்களுக்கு, அண்ணே."

அந்தப் பக்கத்தில் சாவுச் செய்தியைச் சொல்லும் முறை அது, விளக்கம் தேவையில்லை. மறுமுனையில் ஒரு நாற்காலி உரசும் சத்தம் கேட்டது.

"எப்போ?"

"விடியக்காலைல. தூக்கத்துலயே."

"வலி இல்லாமலா?"

"இல்லாமதான்னு சொல்றாங்க."

இப்திஹால் பேனாவைக்கூடக் கையில் எடுக்கவில்லை. எடுத்தால் அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டுவிடும் போலிருந்தது. இன்றைக்கு மழையைப் பற்றிக் கேட்க அவளால் முடியாது. வெள்ளையாகப் போனால் போகட்டும் என்றுகூட நினைத்துவிட்டாள். சுவரில் மணி பன்னிரண்டைத் தாண்டியது. பள்ளிவாசலில் இந்நேரம் தொழுகை முடிந்து அபூ ராமிஹைத் தூக்கியிருப்பார்கள்.

"தங்கச்சி" என்றார் ஹிக்மத். குரல் கரகரத்தது. "பேனா இருக்கா?"

"இருக்கு அண்ணே."

"நீயா கேக்க மாட்ட. படிச்ச பொண்ணு, வெக்கப்படுவ. அவனா இருந்தா இந்நேரம் கேட்டிருப்பான், என் சாவு வீட்டுலயே கேட்டிருப்பான். எழுது. ருத்பா நெலையம், ஆறு மில்லி."

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் எழுதினாள். நடுவில் இரண்டு முறை மூக்கை உறிஞ்சினார், ஒரு முறை யாரையோ தண்ணீர் கொண்டுவரச் சொல்லித் திட்டினார். பதினோராவது எண்ணோடு நிறுத்திவிட்டார்.

"நுஹைப் நெலையம் அண்ணே? அது ஒண்ணு பாக்கி."

"அது என் மேசை மேலதான் இருக்கு. அடுத்த வியாழக்கெழம கூப்பிடு, தர்றேன். கூப்பிடலேன்னா கெடையாது. படிவம் அனுப்பினா கிழிச்சுப் போட்டுருவேன்."

"சரி அண்ணே."

"முட்டிய மொதல்ல கேளு. மழைய அப்பறம் கேளு." வைத்துவிட்டார்.

இரண்டு நாற்பதுக்கு வரைபடம் போனது. மாலையில் வானொலிக்காரர் ஈராக்கின் மேற்கு நிலையங்கள் பதினொன்றைப் படித்தார். நுஹைப்புக்கு உரிய வட்டத்தில் வண்ணம் போடப்படவில்லை.