நான்காவது இருக்கையில் உட்கார்ந்தது

எங்கள் கம்பெனி பஸ்ஸில் தலைக்கு மேலே ஏசி காற்று வரும் குமிழ்கள் உண்டு. ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்காரர் அதைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். பின் சீட்காரர் எழுந்து நின்று தன் பக்கம் திருப்புவார். இருவரும் சீனியர் இன்ஜினியர்கள். தாம்பரத்தில் தொடங்கி மறைமலை நகர் வரை, ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க, ஒரு வார்த்தை பேசாமல் இந்தப் போர் நடக்கும். மற்றவர்கள் முந்தைய நாள் கேன்டீன் கேசரியில் முந்திரி இருந்ததா இல்லையா என்று விவாதிப்பார்கள். ஒருநாள் வண்டலூர் தாண்டும்போது வானத்தில் இரட்டை வானவில். நாற்பது பேரில் ஒருவர்தான் அதற்கு ஏதாவது செய்தார். வெளிச்சம் போனில் அடிக்கிறது என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

தொழிற்சாலையில் என் வேலை, ரப்பர் வளையத்தின் ஓட்டைக்குள் ஓர் அளவுக் கம்பியை விட்டுப் பார்ப்பது. போனால் பச்சைத் தட்டு, போகாவிட்டால் சிவப்புத் தட்டு. நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தது இதற்கு.

அந்த வானவில் நாளில்தான் எனக்குக் கதை கிடைத்தது. இந்த பஸ்ஸுக்குள் வேற்றுக்கிரகத்து உயிர் ஒன்று ஏறி, ஒவ்வொரு சீட்டாகப் போய், ஒவ்வொரு டிபன் டப்பாவையும் திறந்து பார்த்து, எல்லோர் முகத்துக்கு நேராகவும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனால் யாருக்காவது தெரியுமா? தெரியாது. முந்திரி இருந்ததா இல்லையா என்பது முடிவாகாமல் இவர்கள் நிமிரமாட்டார்கள்.

பஸ்ஸை விண்கலம் ஆக்கினேன். கேப்டன், இன்ஜினியர், டாக்டர் என்று மூன்றே பேர். பூமியை விட்டு வந்து வருடக்கணக்காகிறது. ஆனாலும் தீபாவளிக்கு யாருக்கு லீவு என்று சண்டை. கேப்டனுடைய டம்ளரை யாரோ எடுத்துவிட்டார்கள். காற்றுக் குழாய் மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டது யார்? இதற்கு நடுவே அது உள்ளே வருகிறது. சமையலறை மூடிகளைத் திறக்கிறது. தூங்கும் அறைப் படுக்கைகளைத் தடவிப் பார்க்கிறது. டாக்டரின் பின்னால் நிற்கிறது. கடைசியில் காலியாக இருக்கும் நான்காவது இருக்கையில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்கிறது. பிறகு போய்விடுகிறது. அதற்கு வசனம் கிடையாது. பார்க்கவும் முடியாது. சத்தத்தால் மட்டுமே தெரியவேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஆடியோ கதை நிறுவனம் எழுத்தாளர் வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவித்தது. பத்து நிமிட மாதிரி, சத்தம் சேர்த்து முழுதாக, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். வேலை கிடைத்தால் ரப்பர் வளையத்துக்கும் காற்றுக் குமிழுக்கும் கும்பிடு. கிடைக்காவிட்டால் ஐம்பது வயதில் நானும் எழுந்து நின்று குமிழைத் திருப்பிக்கொண்டிருப்பேன்.

மூன்று பேரும் பேசும் வசனங்களை அரை மணி நேரத்தில் எழுதிவிட்டேன். பஸ்ஸில் கேட்டதை அப்படியே கொட்டினால் போதும், அதில் என்ன இருக்கிறது? என் உழைப்பு முழுக்க அந்த வேற்றுக்கிரக உயிரின் சத்தங்களில். தாம்பரம் ஸ்டேஷனில் புறப்படக் காத்திருக்கும் மின்சார ரயிலின் தரையில் போனை வைத்து அந்த உறுமலை எடுத்தேன். அதுதான் என் விண்கலம். அம்மாவின் பட்டுப்புடவையை மொசைக் தரையில் மெதுவாக இழுத்தேன். அதுதான் அதன் நடை. ஈர விரலால் எவர்சில்வர் டம்ளரின் விளிம்பைச் சுற்றித் தேய்த்தால் ஒரு முனகல் வரும். அது யோசிக்கும் சத்தம். பத்து நாள், வேலை முடிந்து வந்து இதையே செய்தேன்.

அம்மா சீரியல் தவிர எதையும் காதில் வாங்காதவர். அந்தச் சத்தங்களை மட்டும் வரிசையாகக் கோர்த்து ஹாலில் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தபோது, சமையலறையிலிருந்து துடைப்பத்தோடு வந்தார்.

"பூனை பூந்துடுச்சுடி. சிலிண்டருக்குப் பின்னாடிதான் எங்கியோ இருக்கு."

"அம்மா, அது என்னோட கதை."

"கதையா? பால் தொறந்து கெடக்கு, போய் மூடு முதல்ல."

எனக்கு எரிச்சலாக வந்தது. பத்து நாள் உழைப்பை ஒரு பூனையாக்கிவிட்டார்.

கேப்டனாக நடிக்க சித்தப்பாவைக் கூப்பிட்டதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். சேலையூரில் அவர் இருக்கும் அப்பார்ட்மென்ட் சங்கத்தின் பொங்கல் விழா நாடகத்தில் வருடா வருடம் ராஜா அவர்தான். மைக்கே இல்லாமல் மூன்றாவது மாடிவரை கேட்கும் குரல். அதைத் தவிர அவரிடம் வேறு நடிப்பு கிடையாது. டாக்டராக என் கல்லூரித் தோழி. இன்ஜினியர் நானே.

சவுண்ட் வேலைக்கு ஆள் பிடித்தவள் தோழி. அனகாபுத்தூரில் ஒரு குறுகலான சந்தில், மாடி அறையில், சுவர் முழுக்க முட்டை அட்டைகளும் பழைய மெத்தையும் ஒட்டி ஸ்டுடியோ வைத்திருந்தார் ஓர் அண்ணன். அவருடைய பிழைப்பு கல்யாண வீடியோ. மண்டபத்து இரைச்சலை எடுத்துவிட்டுப் பேச்சை மட்டும் தெளிவாக்கிக் கொடுப்பார்.

"பக்கத்துல தவுல் அடிக்கிறான், பின்னாடி ஜெனரேட்டர் ஓடுது, கொழந்த ஒண்ணு கத்திகினு கீது. அதுக்குள்ள ஐயர் சொல்ற மந்திரத்த தனியா பிரிச்சிக் குட்துருக்கேன்மா. பொண்ணு வூட்ல அழுதுட்டாங்க," என்றார் எடுத்த எடுப்பில். அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பதிவு. சித்தப்பா பனியனோடு உட்கார்ந்து ஸ்கிரிப்டைப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"ஏலியனுக்கு டயலாக் எங்கம்மா?"

"கிடையாது சித்தப்பா."

"சண்டை?"

"கிடையாது."

"அப்ப எதுக்கு அது அவ்ளோ தூரத்துல இருந்து வருது?"

"சும்மா பார்க்க வருது."

"சும்மா பார்த்துட்டுப் போறதுக்கு அது என்ன சம்பந்தி வீடா? நான் கேப்டன்மா. என் கப்பல்ல ஒருத்தன் ஏறுறான், நான் டம்ளரைக் காணோம்னு தேடிட்டு இருக்கேன். என் கேரக்டருக்கே அவமானம்."

அதுதான் கதையே என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார். பதிவின்போது டாக்டரின் பின்னால் அது வந்து நிற்கிற கட்டத்தில், ஸ்கிரிப்டில் இல்லாத ஒரு "யாரது!" முட்டை அட்டைகளைப் பிய்த்துக்கொண்டு போனது. தோழி காதைப் பொத்திக்கொண்டாள்.

"மச்சி, உங்க சித்தப்பாவை ஸ்பேஸுக்கே அனுப்பிடலாம்டி. வயர்லெஸ்ஸே வேணாம்."

"ஒரு பீலிங்ல வந்துடுச்சும்மா," என்றார் சித்தப்பா, கொஞ்சமும் வருத்தப்படாமல். அடுத்த முறையும் வந்தது. அதற்கடுத்த முறை, அந்தக் கட்டத்தில் தோழி அவர் வாயில் ஒரு மசால்வடையை வைத்தாள். அப்படித்தான் அந்த அமைதி கிடைத்தது.

மூன்று பேர் குரலையும் என் சத்தக் கோப்புகளையும் அண்ணனிடம் கொடுத்து, எது எங்கே வரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். தாளைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்தது அவருடைய உதவிப் பையன்; புதன்கிழமை அண்ணன் அதைப் போட்டுக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். சித்தப்பா டம்ளரைத் தேடுகிறார், அவர் முதுகுக்குப் பின்னால் பட்டுப்புடவை நகர்கிறது. எனக்கே முதுகு சில்லென்றது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அத்தனை தடித்தோல்களையும் பழிவாங்கிவிட்ட திருப்தி.

"சூப்பர்ண்ணா. இப்படியே அனுப்பிடலாம்."

"இரும்மா, இன்னும் பைனல் டச் குடுக்கல. வெள்ளிக்கெழம ரெடியா இருக்கும்."

சத்தம் ஏற்றி இறக்கிச் சமப்படுத்துவார் போலிருக்கிறது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மாலை எங்கள் பஸ் கூடுவாஞ்சேரியில் சிக்கி நின்றது. மணி ஐந்தரை. போனில் சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. அவ்வளவு பெரிய கோப்பை என் போனில் இறக்கி மறுபடி அனுப்ப வழியில்லை. நிறுவனத்தின் மெயில் முகவரியை அண்ணனுக்குக் கொடுத்து, நீங்களே நேராக அனுப்பிவிடுங்கள் என்றேன். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

பெருங்களத்தூரில் சிக்னல் முழுதாகக் கிடைத்ததும் எனக்கும் ஒரு பிரதி வந்தது. இயர்போனை மாட்டினேன்.

சித்தப்பா டம்ளரைத் தேடினார். பின்னால் ஒன்றுமில்லை. தோழி ஈரத் துண்டைப் பற்றிக் கத்தினாள். ஒன்றுமில்லை. ரயில் உறுமல் இல்லை, மூடி இல்லை, முனகல் இல்லை. மூன்று பேர் பஞ்சு மூட்டைக்குள் உட்கார்ந்து தீபாவளி லீவைப் பற்றிப் பேசுவதுபோல் சுத்தமாக, துல்லியமாக, வெறும் பேச்சு. மசால்வடை மெல்லும் சத்தத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

போன் போட்டேன்.

"அண்ணா, பின்னாடி இருந்த சத்தமெல்லாம் எங்க?"

"எல்லாத்தையும் கிளீன் பண்ட்டேன்மா!" அந்தக் குரலில் இருந்த பெருமையை என்னால் விவரிக்க முடியாது. "ஏகப்பட்ட நாய்ஸ். எதுவோ சரசரன்னு இழுத்துகினே கீது. கொர்ர்னு ஒரு மோட்டாரு. நம்ம சாப்ட்வேர்ல போட்டும் போகல. ரெண்டு நாள் உக்காந்து கையால ஒவ்வொண்ணா பொறுக்கிப் பொறுக்கி எடுத்தேன். இப்ப கேளு, கண்ணாடி மாரி கீது."

"அண்ணா, அதுதாண்ணா ஏலியன். தாள்ல எழுதிக் குடுத்தேனே!"

பையனிடமிருந்து தாளை வாங்கிப் பிரிக்கும் சத்தம் வந்தது.

"அதுவா? ஆளு யாரும் பேசலியேம்மா. பேசுனா வுட்ருப்பேன்."

தலைக்கு மேல் முன் சீட்காரரின் கை வந்து குமிழைத் திருப்பியது. நான் அழுததை யாரும் பார்க்கவில்லை என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

இரவு சாப்பாட்டுக்கு முன்பே, புதன்கிழமை கேட்ட பழைய வடிவத்தை அண்ணனிடம் கேட்டு வாங்கி, இதுதான் உண்மையான கதை, தவறுதலாக வேறொன்று வந்துவிட்டது என்று விளக்கி நிறுவனத்துக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை மதியம் கேன்டீன் வரிசையில் நிற்கும்போது அழைப்பு வந்தது. நிறுவனத்தில் கதைகளைத் தேர்வு செய்யும் ஆசிரியர். உற்சாகமான பெண்குரல்.

"செம காமெடி! ஆபீஸே சிரிச்சுது. அந்த டம்ளர் அங்கிள் யாரு? அவ்ளோ ரியலா பேசுறாரு!"

"ரெண்டாவது பைல் கேட்டீங்களா?"

"கேட்டோம். அதுல பேக்ரவுண்ட்ல நிறைய டிஸ்டர்பன்ஸ் இருக்கு. முதல் வெர்ஷன்தான் க்ளீன். ஒரே ஒரு சஜஷன். ஸ்பேஸ்ஷிப் எதுக்கு? ஒரு கம்பெனி கேன்டீன்னு மாத்திடலாமா? வாரம் ஒரு எபிசோட். உங்களுக்கு இந்த மாதிரி பேச்சு அப்படியே வருது."

முன்னால் நின்றவர் அப்போது, இன்று கேசரியில் முந்திரிக்குப் பதில் நிலக்கடலை போட்டிருப்பதாகப் பின்னால் திரும்பி என்னிடம் புகார் செய்தார். நான் உயிரைக் கொடுத்துச் செய்தது குப்பைக்குப் போய்விட்டது. இவர்கள் வாயிலிருந்து வந்த, நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதிய அசட்டுப் பேச்சுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ரசனை என்ற ஒன்று இந்த ஊரில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்கத் தோன்றியது. ஆனால் கையில் அளவுக் கம்பி வாசம் அடித்தது.

"சரி மேடம்," என்றேன். "கடலையாங்க? எவ்ளோ கடலை போட்டிருக்காங்க?" என்று முன்னால் நின்றவரிடம் விசாரிக்கவும் தொடங்கினேன்.

இப்போது கோவிலம்பாக்கத்தில் நிறுவனத்தின் சின்ன அலுவலகத்தில் உட்கார்ந்து கேன்டீன் பேச்சு எழுதுகிறேன். சித்தப்பாதான் கதாநாயகன். அவருடைய அப்பார்ட்மென்டில் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. முதல் பதிவின் சுத்தத்தைப் பார்த்து அசந்துபோன நிறுவனம், சவுண்ட் வேலையையும் அனகாபுத்தூர் அண்ணனுக்கே கொடுத்துவிட்டது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நான் மட்டும் கிளீன் பண்லனா இன்னா ஆயிருக்கும்?" என்பார். நான் டீயைக் குடிப்பேன்.

மூன்றாவது எபிசோடில் ஒரு வரி சேர்த்தேன். கேன்டீனில், கதையில் வரும் ஆறு பேரும் மேஜையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறார்கள். சமையலறையில் யாருமில்லை. அங்கே ஒரு பாத்திரத்தின் மூடி மெதுவாகத் திறக்கிறது. ஆசிரியர் அந்த வரியைக் கவனிக்கவே இல்லை. அண்ணன் கவனித்தார். மதியம் போன் செய்தார்.

"ஏம்மா, இந்த மூடிய யார் தொறக்கறது? ஆறு பேரும் இங்கதான கீறாங்க?"

"யாரும் இல்லண்ணா."

"அப்ப எட்துடவா?"

"கை வெச்சீங்கன்னா அனகாபுத்தூருக்கே வந்து உங்க முட்டை அட்டையெல்லாம் பிச்சுப் போட்ருவேன்."

மறுமுனையில் அவர் யோசிப்பது கேட்டது. பின்னால் சந்தில் ஆட்டோ ஒன்று போனது.

"சரிம்மா, பேஜாராவாத. வெச்சிடலாம்," என்றார். "ஆனா அது இன்னா சைஸ்னு மட்டும் சொல்லு. எவ்ளோ சத்தமா தொறக்கும்னு தெரிஞ்சாதான நான் லெவல் வெக்க முடியும்?"