அம்பாரத்தில் பட்ட கால்

வீரையன் நெல் திருடவில்லை. அந்தக் குறியைக் கலைத்தது என் கால்.

புது வைக்கோல் வாசம் எங்கிருந்து வந்தாலும் என் உள்ளங்கை எரிகிறது. நன்னிலம் பக்கம் எங்கள் நெற்களம். சாணம் மெழுகிக் காய்ந்து, வழவழவென்று... பிரேக் டான்ஸ் பழக அதைவிட நல்ல தரை உண்டா? வாடகை வீடியோவில் பார்த்ததை நானும் செல்வமும் அங்கேதான் ஆடிப் பார்த்தோம். செல்வம், களத்துக் காவல்காரர் வீரையனின் மகன்.

கையூன்றிக் கால்களை வட்டமாக வீசுவது எனக்கு வந்துவிட்டது. அந்த வீச்சு அறாமல் அப்படியே முதுகில் விழுந்து சுழல்வதுதான் வரவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் நின்று நின்று போனேன்.

"நண்டு வளை தேடுற மாதிரி என்னடா தேடுற?" என்று சிரித்தான் செல்வம். "யோசிக்காத. கால் போற பக்கமே ஒடம்ப விடு."

கூலித் தகராறு முற்றியிருந்த அறுவடை அது. வீரையன் உட்பட எல்லாரும் கொடிக்கம்பத்தடியில் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்த மத்தியானம். களத்தில் நெல் அம்பாரம். யாராவது அள்ளினால் தெரியட்டும் என்று அதன்மேல் சாணிப்பாலால் குறி போட்டிருந்தார் அப்பா.

உடம்பை விட்டேன். சுழன்றேன்... முதல்முறையாக, தடங்கலே இல்லாமல்! வானம், வைக்கோல்போர், செல்வத்தின் சிரிப்பு, எல்லாம் ஒரே வட்டம். அந்த வட்டத்தின் விளிம்பில் என் கால் அம்பாரத்தில் இடித்தது. நெல் சரிந்தது. குறி பாதி போயிற்று.

"நானே அப்பாட்ட சொல்லிக்கிறேன்" என்றேன்.

சாயங்காலம் அப்பா வந்து பார்த்தார். எல்லார் முன்பும் வீரையனைக் கேட்டார்: "கொடி புடிக்கத் தெரியுது, காவல் காக்கத் தெரியலியா? எவ்வளவுடா அள்ளுன?"

"கை வைக்கலைங்க" என்றார் அவர்.

செல்வம் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். பண்ணை வீட்டுப் பிள்ளை, காவல்காரர் மகனோடு களத்தில் உருண்டு ஆடினேன் என்று எப்படிச் சொல்வது? பயமா, வெட்கமா... இந்த வயதிலும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

காவல் வேலை போயிற்று. திருட்டுப் பெயர் நின்றது. வேறு எந்தப் பண்ணையும் அவரைச் சேர்க்கவில்லை. குடும்பம் திருப்பூருக்குக் கிளம்பியது.

அப்பா போய் வெகுகாலம். வீரையனும் சென்ற வாரம் இறந்துவிட்டார் என்று நேற்றுத்தான் கேள்விப்பட்டேன். இருவரிடமும் நான் சொல்லவில்லை. இப்போது உன்னிடம் சொல்வதால் யாருக்கு என்ன? ஆனாலும் அந்த ஒரு சுழற்சி மட்டும் நினைத்தால் இன்னும் இனிக்கிறது... அதுதான் கொடுமை.

அவர்கள் திருப்பூருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் ஒளிந்து நின்றுதான் பார்த்தேன். செல்வம் கண்டுகொண்டான். ஏறியவன் இறங்கி வந்தான். திட்டவில்லை. என் தோளில் கை வைத்து, தாழ்ந்த குரலில் சொன்னான்:

"எங்கப்பா இருக்கறப்பவே சொல்லிடுடா. அது போதும்."