அஞ்செட்டி ரோட்டில் யாரும் என்னை எழுப்பவில்லை

எண்பதுகளில் ஓசூரில் ஒரே அறையில் மூன்று பேர் தங்கியிருந்தோம். நான் லேத் ஆபரேட்டர். கிருஷ்ணகிரிக்காரன் ஒருவன் என் தொழிற்சாலையிலேயே வெல்டர். மூன்றாமவன் பக்கத்து ஊரான பேரிகைக்காரன், எங்கள் ஆட்களை ஏற்றிவரும் வேனின் டிரைவர். நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறவனை எழுப்பக் கூடாது என்பது அறையின் ஒரே சட்டம். போட்டவன் நான்தான். ஒருமுறை வெல்டர் தட்டைக் கீழே போட்டுவிட்டான் என்று இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அப்படி ஒரு முன்கோபம் எனக்கு! அதன்பிறகு இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.

வெல்டருக்கு சவுதி விசா வந்தது. விமானம் ஏறப் போக ஞாயிறு சாயங்காலம் பஸ்.

"அன்னிக்குக் காலையில அஞ்செட்டி தாண்டிப் போலாம்டா. மலையப் பொளந்துகிட்டு காவேரி போவுதாம். மூணு பேரும் ஒண்ணா நின்னு பாத்துட்டா போதும், அங்க மணல்ல அத நெனச்சிக்கிட்டே கெடப்பேன்" என்றான்.

டிரைவர் முதலாளியிடம் கேட்டு வேனை வாங்கினான். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு எங்கள் மெத்தையை விரித்தோம். ஸ்டவ், தண்ணீர் கேன், அரிசி, ஜன்னலுக்குத் திரையாக லுங்கி. ஞாயிறு லீவுக்காக நான் சனிக்கிழமை இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தேன். காலையில் கேட்டிலேயே வேனில் ஏறிப் படுத்துவிட்டேன். எழுப்புங்கடா என்று சொல்லத் தோன்றவில்லை. அதைப் போய்ச் சொல்லவா வேண்டும்!

கண் விழித்தபோது வேன் நின்றிருந்தது. இறங்கினால் அஞ்செட்டிக் கடைத்தெரு. இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் எவ்ளோ தூரம்டா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "பாத்துட்டுத் திரும்பிட்டோம்டா" என்றான் டிரைவர்.

"எருமைங்களா! என்னாத்துக்குடா எழுப்பல?" தண்ணீர் கேனை எட்டி உதைத்தேன்.

"ரெண்டு ஷிப்ட் பாத்தவன எப்பிடிடா எழுப்பறது?" என்றான் வெல்டர். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

"மலை வளைவுலகூட நான் ஆரன் அடிக்கல. இவன் ஆத்தப் பாத்து கத்தப் போனான், நான்தான் வாயப் பொத்துனேன்" என்றான் டிரைவர்.

என் முகத்தில் வெயில் விழாமலிருக்க வெல்டர் சவுதிக்கென்று தைத்த புதுச் சட்டையை லுங்கிக்கு மேல் தொங்கவிட்டிருந்தான். எனக்கென்று இலையில் மடித்து மீன் வறுவல் வேறு. திரும்பிப் போகலாமென்றால் பஸ் போய்விடும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தின்றேன். ஓசூர் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பாவி, அந்த இரண்டு மணி நேரத்தையும் நானே பாழாக்கினேன்.

பஸ் நகரும்போது வெல்டர் ஜன்னலில் தலையை நீட்டினான். "லீவுல வந்து ஒன்னக் கூட்டிட்டுப் போறேன்டா. தலையில தண்ணி ஊத்தியாவது எழுப்பறேன்!"

இரண்டு வருடம் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. கிருஷ்ணகிரியில் அவன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். குடும்பம் வீட்டைக் காலி செய்திருந்தது. ஏங்கிப் போனேன். இன்றும் ஏக்கம்தான்.

சில வருடங்கள் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அதே ரோட்டில் பஸ்ஸில் போனேன். மலை இறக்கம் தொடங்கியதும் கண்களை இறுக மூடிக்கொண்டேன். அந்தக் காவேரியைப் பார்த்தால் அவனோடுதான். பக்கத்து சீட்டுக்காரர் தன் மனைவியிடம், "மெதுவாப் பேசு, நைட் டூட்டி பாத்தவரு போல, தூங்கறாரு" என்றார். வளைவுகள் எல்லாம் முடியும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.